குழவி இல்லாத அம்மி: புங்குடுதீவு வீடொன்றின் படங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரே வீட்டில், ஒரே கமெராவால், ஒரே ஆள் எடுத்த இரண்டு படத் தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன். எடுத்தவர் யாழ்ப்பாணத்தில் படிக்கும் ஒரு மாணவி. ஆள் இல்லாத வீடுகளில் எஞ்சிக் கிடக்கும் பொருட்களின் தனிமையைப் படமாக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வழிகாட்டியாகக் கூடப் போனது நான். முதல் தொகுதியைப் பார்த்தவர்கள் சொன்னது இரண்டே விதம்: "வடிவா இருக்கு", "பேய் வீடு மாதிரி இருக்கு". இரண்டாம் தொகுதியைப் பார்த்தவர்கள், "இது ஆற்ற வீடு? அவை இப்ப எங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்ததைத்தான் இந்த வேலையின் பலனாக எடுத்துக்கொள்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாழடைந்ததைக் காட்டினால் காலம் தெரியும், சேதம் தெரியும். தனிமை தெரிய வேண்டுமென்றால் அந்தப் பொருள் யாரை நம்பி இருந்தது, யாருக்கு எதிரே இருந்தது என்பது படத்துக்குள் வர வேண்டும். ஆள் இருந்த இடம் காலியாகவும் அடையாளத்தோடும் படச் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். லென்ஸ், வெளிச்சம், நிறம் எல்லாம் இதற்கு வேலை செய்கிற கூலிகள்தான்.

ஊரும் வீடும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு வந்து, அங்கிருந்து கடலுக்குள் போட்ட தாம்போதியால் புங்குடுதீவுக்குப் போக வேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் படகு ஏறும் குறிகட்டுவான் துறை இந்தத் தீவில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். சில கல்வீடுகளின் முகப்பு இன்றைக்கும் கம்பீரமாக நிற்கும்; உள்ளே எட்டிப் பார்த்தால் கூரை இருக்காது.

இவ்வளவு பெரிய வீடுகள் இந்தச் சின்னத் தீவில் எப்படி வந்தன என்று வெளியூர் ஆட்கள் கேட்பதுண்டு. தீவில் நல்ல தண்ணீர் குறைவு, கமம் செய்து காசு சேர்ப்பது கடினம். ஆண்கள் கொழும்புக்கும் தெற்கில் மற்ற ஊர்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள். உழைத்த காசு ஊரில் வீடாக எழும்பியது. ஆக, இந்த வீடுகள் ஆள் நிறைந்திருந்த காலத்திலேயே யாரையோ எதிர்பார்த்து இருந்த வீடுகள். கடைக்காரர் வருசப் பிறப்புக்கு வருவார், கோயில் திருவிழாவுக்கு வருவார். மற்ற நாட்களில் பெண்களும் பிள்ளைகளும் வயதான ஆட்களும் படலையைப் பார்த்திருந்தார்கள். பின்னால் படங்களுக்குள் போகும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1958, 1977, 1983 வன்செயல்களில் தெற்கிலிருந்த தமிழர் கடைகள் எரிந்தன. தப்பியவர்கள் ஊருக்கு ஓடிவந்தார்கள். 1990, 1991 காலத்துச் சண்டையில் அந்த ஊரையும் விட வேண்டி வந்தது. யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் போய் இருந்தவர்கள், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது மறுபடி நடந்தார்கள். அப்புறம் வன்னி, கொழும்பு, கனடா, பிரான்ஸ், சுவிஸ். திரும்பி வந்து குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மறந்து தீவையே சுடுகாடு போல எழுதுவது அநியாயம். நாங்கள் படம் எடுத்த வீட்டின் திறப்பும் அப்படி வந்து இருக்கிற ஒரு அன்ரியிடம்தான் இருந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். அவரிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டோம். "எடுங்கோ, ஆனா எந்த வீடு எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார். அதனால் வட்டாரப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

வீடு கிழக்கு வாசல். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், பனை வளை, ஓடு. நடுவில் முற்றம், சுற்றி விறாந்தை, பின்பக்கம் குசினி. மேற்குப் பக்கக் கூரை விழுந்துவிட்டது. கிழக்குப் பக்கம் இன்னும் நிற்கிறது. விலைபோகிற சாமான் எல்லாம் எப்போதோ போய்விட்டது: கதவுகள், யன்னல்கள், தையல் மெசின், பெட்டகம். மிஞ்சியவை பாரமானவை அல்லது யாருக்கும் உதவாதவை. ஒரு சாய்மனைக் கதிரை, அம்மி, துருப்பிடித்த ரங்குப் பெட்டி, ஒரு கலண்டர் மட்டை, ஒற்றைச் செருப்புகள், சுவரில் ஆணிகள்.

முதல் தொகுதி

இவை சித்திரை வருசப் பிறப்பு விடுமுறையில், நடுப்பகலை ஒட்டி எடுக்கப்பட்டவை. இந்த நேரத் தெரிவே பாதி முடிவைச் செய்துவிட்டது. யாழ்ப்பாணம் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு முறை சரியாக எங்கள் தலைக்கு மேல் வரும்: ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு முறை, ஓகஸ்ட் கடைசியில் ஒரு முறை. அந்த நாட்களில் நடுப்பகலில் முற்றத்தில் நிற்கும் எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. இருக்கிற கொஞ்ச நிழலும் அதன் காலடிக்குள் ஒளிந்துவிடும். முற்றம் வெள்ளையாகப் பற்றி எரியும், அறைகள் கன்னங்கரேலென்று கிடக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க மாணவி ஒவ்வொரு காட்சியையும் வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக்கினார். எச்டிஆர் என்று சொல்வார்களே, அது. கட்டடக்கலைப் படத்துக்கும் வீடு விற்கும் விளம்பரத்துக்கும் அருமையான முறை. இங்கே அது மூலை முடுக்கெல்லாம் சமமாக வெளிச்சத்தைப் பரப்பி, கலியாண வீட்டுப் பந்தலுக்கு ரியூப் லைற் போட்ட மாதிரி ஆக்கிவிட்டது. தனிமையில் கிடக்கும் பொருளுக்கு ஏதாவது ஒரு பக்கம் தெரியாமல் இருக்க வேண்டும். எல்லாம் தெரிகிற அறையில் கண்ணுக்குத் தேட எதுவும் இல்லை.

லென்ஸ் 16 மி.மீ. அகன்ற கோணம். சின்ன அறையில் பின்னால் போக இடம் இல்லாதபோது எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அறை முழுவதும் வந்துவிடும், உண்மைதான். ஆனால் அது கிட்ட இருப்பதைப் பெருப்பித்து, எட்ட இருப்பதை இன்னும் எட்டத் தள்ளும். கதிரைக்கும் வாசலுக்கும் இடையில் உண்மையில் இருந்தது ஒருவர் நடக்கும் தூரம். படத்தில் அது ஒரு மண்டபம் ஆகிவிட்டது. பார்க்கிறவர் அறையின் அளவைப் பார்த்து வியக்கிறார், கதிரை சாட்டுக்கு அங்கே நிற்கிறது.

அப்புறம் பாழின் அழகு. உரிந்த சுண்ணாம்பு, கறையான் புற்று, சுவரைப் பிளந்து இறங்கிய ஆல வேர், இவை எல்லாம் கமெராவுக்கு மிகவும் பிடித்தவை. நிற வேறுபாட்டைக் கூர்மையாக்கினால் இன்னும் எடுப்பாக வரும். மாணவியின் படங்களில் பாதிக்கு மேல் உண்மையில் சுவர்ப் படங்கள்தான். பொருள் நடுவில் இருந்தாலும் கண் வெடிப்புகளில் மேய்கிறது. அதோடு நிழல்களுக்கு நீலப்பச்சை ஏற்றி ஓரங்களைக் கறுப்பாக்கியிருந்தார். அங்கேதான் "பேய் வீடு" வந்தது. பயத்துக்கும் தனிமைக்கும் இருட்டு பொது, அதனால் இரண்டும் எளிதில் மாறிப்போகும். அந்தக் கறுத்த மூலையிலிருந்து எதுவோ வரப்போகிறது என்று பார்ப்பவர் நினைத்தால் அது பயம். யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தால்தான் தனிமை. முதல் தொகுதியின் மூலைகள் எல்லாம் வரப்போவதைப் பற்றியே பேசின.

தலைப்புகளையும் சொல்ல வேண்டும். "கண்ணீர் வடிக்கும் சுவர்", "மௌனத்தின் ஓலம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. படம் சொல்லத் தவறியதைச் சொல் சொல்லப் பார்க்கிறது, பார்ப்பவருக்கு வேலை இல்லாமல் போகிறது.

இடம் மாறிய கதிரை

முதல் தொகுதியில் என்னை நிறுத்தியது ஒரு கதிரைப் படம். சாய்மனைக் கதிரை யன்னலைப் பார்த்து நிற்கிறது, வாசற்படியில் ஒரு குழந்தைச் செருப்பு. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால், கதிரையின் கால்களைச் சுற்றிப் புழுதி கலைந்திருக்கிறது. சட்டத்தின் இடது ஓரத்தில், புழுதி படியாத நான்கு சின்னச் சதுரங்கள் நிலத்தில் தெரிகின்றன. பல வருடம் கதிரை நின்ற இடம் அதுதான். வெளிச்சம் நல்லாக விழட்டும் என்று மாணவி அதைத் திருப்பி வைத்திருக்கிறார். செருப்பு பின்னறையிலிருந்து வந்தது.

இது அவர் ஒருவருடைய பழக்கம் இல்லை, படக்கலையின் பழைய வழக்கு. 1936 இல் அமெரிக்க அரசுக்காக வறட்சியைப் படம் எடுத்த ஆர்தர் ரொத்ஸ்டீன், தெற்கு டக்கோட்டாவில் ஒரு மாட்டு மண்டையோட்டைச் சில அடி நகர்த்தி வெவ்வேறு நிலத்தில் வைத்து எடுத்தார். அது தேர்தல் வருடம். அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எதிரான பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு, வறட்சிப் படங்கள் எல்லாமே பொய் என்கிற அளவுக்குப் போயின. வறட்சி உண்மை, மண்டையோடு உண்மை, நகர்த்தியதால் இரண்டுக்கும் கேடு வந்தது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு, 1986 ஏப்ரல் 27 இல் ஆட்களை வெளியேற்றிய பிரிப்பியாத் நகரத்தில், பிறகு போன ஆட்கள் பொம்மைகளையும் வாயு முகமூடிகளையும் கட்டில்களில் அடுக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். இப்போது அங்கே எடுத்த பொம்மைப் படம் எதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

எங்கள் ஊரில் இது இன்னும் பாரமானது. இந்தப் படங்கள் ஒரு நாள் சாட்சியாகவும் நிற்கக்கூடும். அது ஒரு காரணம். மற்றது, படத்தின் தரம் பற்றியதே. திருப்பி வைத்த கதிரை யன்னலைப் பார்த்தது. அந்த நான்கு சதுரங்களில் நின்ற கதிரை எதைப் பார்த்திருக்கும் என்று நாங்கள் போய் நின்று பார்த்தோம். வாசலுக்கு நேரே, முற்றவெளியைத் தாண்டி, படலை. கொழும்பிலிருந்து வருகிறவருக்காக வைத்த கதிரை. ஜோடனை செய்தபோது மாணவி அறியாமல் அழித்தது அந்த ஒரு பார்வைக் கோட்டை, படத்துக்குத் தேவையாக இருந்ததும் அதே கோடுதான்.

கதிரையை அதன் பழைய அடையாளத்தில் திரும்ப வைத்தோம், செருப்பைப் பின்னறையில் வைத்தோம். அதுவும் ஒரு நகர்த்தல்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. காட்சிக்கு வைத்தபோது "கதிரை அதன் காலடையாளத்தில் மீள வைக்கப்பட்டது" என்று படத்தின் கீழ் எழுதச் சொன்னேன். மறைத்திருந்தால் என் மனம் ஒத்துக்கொண்டிருக்காது.

இரண்டாம் தொகுதி

தை மாதம், காலை. மாரி மழை ஓய்ந்து வளவு முழுக்கப் பச்சை. இந்தப் பருவத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், நடுப்பகலில்கூட ஏறத்தாழ 60 பாகை உயரத்துக்குத்தான் ஏறும். காலை ஏழரை மணிக்குக் கிழக்கு வாசலால் வெயில் தாழ்வாக உள்ளே வரும். அந்த நேரத்தில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு நீளம். நிழல் நீண்டால் வெறும் நிலமும் படத்தில் ஒரு இடமாகிறது, ஏனென்றால் அதன் மேல் எதுவோ விழுந்து கிடக்கிறது. ஆனால் இந்த வெளிச்சம் வேகமாக ஓடிவிடும். எங்கள் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறுவதால், எட்டரை ஆகும்போது எல்லாம் முடிந்துவிடும். ஒரு காலையில் ஒரு பொருள், அவ்வளவுதான்.

லென்ஸ் 50 மி.மீ., பெரிய உணரி உள்ள முழுச்சட்டக் கமெரா. சிறிய உணரி உள்ள கமெரா என்றால் 35 மி.மீ. கிட்டத்தட்ட அதே பார்வையைத் தரும். அறை முழுவதும் இதற்குள் அடங்காது. அடங்காததுதான் நல்லது. எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டி வரும். முக்காலியின் உயரத்தை நிற்கிற ஆளின் கண்மட்டத்திலிருந்து, இருக்கிற ஆளின் கண்மட்டத்துக்கு, ஏறக்குறைய மூன்றரை அடிக்கு இறக்கினோம். என் அனுபவத்தில் இந்த ஒரு மாற்றம் விலைகூடின லென்ஸ் எதையும் விடப் பெரியது. நின்று எடுத்தால் பார்ப்பவர் ஒரு விருந்தாளி, சாமானைக் கீழே பார்க்கிறார். இருந்து எடுத்தால் அவர் அந்த வீட்டில் இருந்த ஒருவருடைய இடத்தில் இருக்கிறார்.

மற்றவை சுருக்கமாக. லென்ஸின் துவாரம் எஃப் 8, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 100, அறைகளுக்குள் ஷட்டர் திறந்திருந்தது அரை வினாடியிலிருந்து சில வினாடி வரை. பல படங்களை ஒன்றாக்குவதை நிறுத்தினோம். ஒரே ஒரு வெளிச்ச அளவு, கமெரா சொன்னதை விட ஒரு படி குறைவு. வாசல் வெள்ளையாகப் போனால் போகட்டும், நிழல் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும். வெளிச்சத்தின் நிறச்சாயலைத் திருத்தும் வெண்சமநிலையைக் கமெராவிடம் விடாமல் 5500 கெல்வினில் நிறுத்தினோம். வளவில் காடு பற்றிய வீட்டுக்குள் வரும் வெளிச்சம் இலைகளில் பட்டுப் பச்சையாக வரும். கமெராவைத் தன்பாட்டில் விட்டால் அந்தப் பச்சையைத் திருத்தி நடுநிலை ஆக்கிவிடும். அந்தப் பச்சைதான் "இந்த வளவை ஒருத்தரும் துப்புரவாக்கவில்லை" என்று அறைக்குள் வந்து சொல்கிறது. கறுப்பு வெள்ளையாக்கும் யோசனையையும் இதனால்தான் விட்டோம். நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவரில் சாமிப் படம் தொங்கிய சதுரம் மட்டும் கடும் நீலமாக இருக்கிறது. நிறத்தை எடுத்தால் அது வெறும் அழுக்கு.

இந்தத் தொகுதியில் மூன்று படங்கள் தனித்து நிற்கின்றன.

*எண்ணெய்க் கறை.* முன்திண்ணைச் சுவரில், நிலத்தில் இருக்கிற ஆளின் தலை மட்டத்தில், உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கறுத்த வட்டம். சுற்றிச் சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருக்க, அந்த வட்டம் மட்டும் பொரியவில்லை, மினுமினுவென்று இருக்கிறது. பல வருடம் ஒருவர் தினமும் அதில் தலையைச் சாய்த்திருக்கிறார், நல்லெண்ணெய் சுவருக்குள் ஊறியிருக்கிறது. முதல் தொகுதியில் இது எங்குமே இல்லை, ஏனென்றால் இதைப் பொருள் என்று யாரும் எண்ணுவதில்லை. மாணவி வட்டத்தை நடுவில் வைக்காமல் சட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, கீழே திண்ணையின் வெறும் சீமெந்தை விட்டார். ஒரு ஆள் இருப்பதற்குச் சரியான அளவு இடம். வெயில் இடது பக்கத்திலிருந்து சுவரை உரசிக்கொண்டு போகும்போது எடுத்தது. பத்து நிமிடம் பிந்தியிருந்தால் மினுக்கம் போயிருக்கும்.

*அம்மி.* குசினியின் பின்சுவரோரம், நிலத்தோடு பதித்த கல். நடுவில் அரைத்து அரைத்துக் குழிந்திருக்கிறது, அந்தக் குழியில் மழைத்தண்ணீர். குழவி இல்லை. அம்மியைத் தூக்க முடியாது, குழவியை ஒருவர் தூக்கலாம். யார் தூக்கினார்கள், எதற்கு என்று தெரியாது. முதல் தொகுதியில் அம்மி மேலிருந்து எடுக்கப்பட்டு, வட்டமும் தண்ணீரும் வானத்தின் பிரதிபலிப்புமாக மிக வடிவாக இருந்தது. அது எங்கேயும் எடுக்கக்கூடிய ஒரு கல். இரண்டாவதில் கமெரா அரைக்கிற ஆளின் பக்கம் இறங்கியது. கல்லின் இந்த ஓரத்தில், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இருக்கும் தூரத்திலிருந்து எடுத்தார். குழவி ஓய்வாகக் கிடக்கிற இடமான அம்மியின் தலைப்பகுதியைக் கூர்மையாக விட்டு, அதற்கு மேல் சுவரை இருட்டாக விட்டார். யாழ்ப்பாணத்தில் சமையல் தெரிந்த எவரும் அந்தப் படத்துக்கு முன்னால் கையைக் கொஞ்சம் நீட்டுவார்கள். காட்சியில் அதைக் கண்ணால் கண்டேன்.

*ஏணை வளை.* அறைக்குக் குறுக்கே போகும் பனை வளையில், நடுவை ஒட்டி இரண்டு தேய்ந்த தடம். பிள்ளையை ஆட்ட ஏணை கட்டிய கயிறு ஆடி ஆடி மரத்தைத் தின்ற தடம். பனை எவ்வளவு இறுகின மரம் என்று வெட்டினவர்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளையோடு அந்தத் தேய்வு வராது. வளையை மட்டும் அண்ணாந்து எடுத்தபோது படம் விறகுக்காலைபோல இருந்தது. பிறகு கமெராவைப் பின்னால் கொண்டுபோய், வளையை மேல் ஓரத்தில் மெல்லிய கோடாக வைத்து, கீழே ஏணை தொங்கியிருக்க வேண்டிய வெளியை முழுவதும் காலியாக விட்டார். சட்டத்தின் முக்கால்வாசி வெறும் நீலச் சுவர். இந்தப் படத்தில் தடம் சின்னதாகத்தான் தெரியும். கிட்ட வந்து பார்த்தால்தான் புரியும், அதனால் இதைப் பெரிதாக அச்சிடாமல் 8க்கு 10 அங்குலத்தில் அச்சிடச் சொன்னேன்.

மூன்றிலும் பாருங்கள், உடைவு எதுவும் முன்னால் நிற்கவில்லை. மூன்றிலும் பொருளுக்குப் பக்கத்தில் அல்லது கீழே ஒரு ஆளின் அளவில் வெற்றிடம். சங்க இலக்கியத்தின் பாலைத்திணைப் பாடல்களில் ஆள் போன ஊரின் பொதுமன்றம், 'பொதியில்', வரும். அங்கே கடவுள் நீங்கிய தூண் நிற்கும், பழைய பழக்கத்தில் புறா அதை விடாமல் இருக்கும். இடிபாட்டை விட அந்த நீங்கலைச் சொல்லித்தான் அந்தப் பாட்டுகள் மனதைப் பிடிக்கின்றன. ஜப்பானில் இஷியூச்சி மியாகோ, இறந்துபோன தன் தாயின் பொருட்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அவற்றில் பாவித்துத் தேய்ந்த உதட்டுச் சாயங்கள் உண்டு. ஹிரோஷிமாவில் அணுகுண்டில் இறந்தவர்களின் உடுப்புகளை 2007 முதல் நிறத்திலேயே எடுத்துவருகிறார். அங்கேயும் உடம்பு பட்ட இடம்தான் படம்.

கூட்டிய முற்றம்

எதிர்பாராத ஒன்றையும் எழுத வேண்டும். திறப்பு வைத்திருக்கும் அன்ரி, நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து முன்முற்றத்தைக் கூட்டி வைத்திருந்தார். ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் அப்படியே இருந்தன. மாணவிக்கு முதலில் ஏமாற்றம். பாழடைந்த முற்றம் போச்சே என்று. நான் எடுக்கச் சொன்னேன். கூட்டிய முற்றம், அதற்கு அப்பால் காடு பற்றிய வளவு, நடுவில் பூட்டிய படலை. தொகுதியிலேயே கனமான படங்களில் ஒன்று அது. யாருமே கவனிக்காத வீடு பாவமாகத் தெரியலாம். ஒருவர் கூட்டி வைத்தும் யாரும் வராத வீட்டில்தான் தனிமை ஆழமாக இருக்கிறது. பராமரிப்பின் தடயத்தை அகற்றிவிட்டு எடுப்பதுதான் இந்த வகைப் படங்களின் பொது வழக்கம். அதை விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

படங்களை அன்ரியிடம் காட்டியபோது

இரண்டு தொகுதியையும் அச்சிட்டுக் கொண்டுபோனோம். முதல் தொகுதியை அவர் வேகமாகப் புரட்டினார். "ஐயோ, நல்லா இடிஞ்சு போச்சு என்ன" என்றார். தேத்தண்ணி போட எழும்பினார்.

திரும்பி வந்து இரண்டாவதை எடுத்தவர், எண்ணெய்க் கறையில் நின்றுவிட்டார்.

"இது பெரியையான்ர இடம் பிள்ளை. பின்னேரம் பேப்பர் வந்தா ஆள் இதிலதான். வேற ஒருத்தரும் இதில இருக்கேலாது."

"ஆர் அன்ரி பெரியையா?" என்று மாணவி கேட்டார்.

அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நாங்கள் ஒன்றும் கேட்கத் தேவைப்படவில்லை. அம்மிப் படத்தைப் பார்த்து, "குழவி எங்க போனது? அது வழுவழுப்பான நல்ல கல்லல்லோ" என்று கோபப்பட்டார். ஏணை வளையில் யார் யார் ஆடினார்கள் என்று விரல் மடித்து எண்ணினார். அந்தப் பெயர்கள் இங்கே வேண்டாம்.

பிறகு தலைப்புகளை மாற்றினோம். "அம்மி. குழவி இல்லை." "திண்ணைச் சுவர், தலை மட்டம்." "ஏணை கட்டிய வளை." பெயர்ச்சொல்லும் இடமும் மட்டும், அன்ரி சொன்ன கதையைக்கூடச் சேர்க்கவில்லை.

எடுக்கப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள்

அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். எங்கள் பக்கத்தில் பூட்டிய வீடு என்றால் அதற்கு ஒரு ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறார், விசாரித்தால் இரண்டு நாளில் தொலைபேசி இலக்கம் கிடைத்துவிடும். வடக்கில் கண்ணிவெடி அகற்றாத இடங்கள் இன்னும் உண்டு. சிவப்பு அடையாளமோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் உடனே திரும்புங்கள். பற்றைக்குள் கட்டில்லாத கிணறுகள் மறைந்திருக்கும், முன்னால் ஒரு தடி ஊன்றி நடக்க வேண்டும். கண்ணாடி விரியன் ஓட்டுக் குவியலை விரும்பும், சப்பாத்து இல்லாமல் போகாதீர்கள். வௌவால் எச்சம் நிறைந்த அறையில் முகக்கவசம் கட்டாயம், அந்தப் புழுதியில் நுரையீரலுக்குக் கேடான பூஞ்சணம் வளரக்கூடும். கறையான் தின்ற வளைக்குக் கீழே முக்காலியை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பதும் வேண்டாம்.

இணையத்தில் போடுமுன் படக்கோப்பிலிருந்து ஜிபிஎஸ் இடக்குறிப்பை அழியுங்கள். நல்ல படம் ஒன்று போனால், மிஞ்சியிருக்கும் கதவு நிலையையும் தூணையும் தேடி லொறி வரும் என்ற பயம் ஊரில் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது.

நிறைவுறாதவை

கிணற்றடிப் படம் இன்னும் சரிவரவில்லை. கிணற்றுக் கட்டின் மேல் கயிறு அறுத்த தடங்கள் ஆழமாக, வரிசையாக இருக்கின்றன. பொருளும் இருக்கிறது, வெற்றிடமும் இருக்கிறது, ஆனாலும் படத்தில் தனிமை வரவில்லை. என் ஊகம், கிணறு ஒருவருக்கு உரிய இடம் இல்லை என்பதால்தான். அங்கே பலர் நின்றார்கள், பேசினார்கள், தண்ணீர் அள்ளினார்கள். ஒரு ஆளின் அளவில் வெற்றிடம் விட்டால் போதாது, ஒரு கூட்டத்தின் அளவில் விட வேண்டும். அதற்கு 50 மி.மீ. லென்ஸோடு எவ்வளவு பின்னால் போகலாம் என்று பார்த்தால் வேலி தடுக்கிறது. வேலிக்கு அந்தப் பக்க வளவும் பூட்டித்தான் இருக்கிறது. அதன் சொந்தக்காரரை மாணவி இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரருக்கு முழுத் தொகுதியையும் அனுப்பினோம். சாமி அறைச் சுவரின் நீலச் சதுரத்தை மட்டும் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று கேட்டார். அதை எடுத்துவிட்டோம். அதன் பெரிய அச்சு ஒன்றைத் தனக்கு அனுப்பச் சொல்லி, அளவையும் அவரே குறித்து அனுப்பியிருந்தார்: அகலம் ஒன்றரை அடி, உயரம் இரண்டு அடி.